பழைய காரின் ஸ்டீரியோவில் கைப்பேசிப் பாட்டு: வாசகர் கேள்வி பதில்

வண்டி பழையதானாலும் அதில் கம்பெனியே பொருத்திக் கொடுத்த ஸ்டீரியோ பல வீடுகளில் இன்னும் நன்றாகவே ஒலிக்கிறது. ஆனால் கைப்பேசியை இணைக்க அதில் இடமில்லை. இந்தக் குறையைச் சொல்லி வந்த கடிதங்களில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். குறிப்பிட்டுள்ள விலைகள் எல்லாம் சுமாரானவை. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும்.

கேள்வி: என்னிடம் 2002ஆம் ஆண்டு வாங்கிய ஹூண்டாய் ஆக்சென்ட் கார் உள்ளது. அதில் ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த ஸ்டீரியோ இருக்கிறது. இரண்டும் வேலை செய்கின்றன. கைப்பேசிப் பாடல்களைக் கேட்க வேண்டுமானால் இதைக் கழற்றிவிட்டுத் தொடுதிரை ஸ்டீரியோ போடுவதுதான் ஒரே வழி என்கிறார் கடைக்காரர். ஆயிரம் ரூபாய்க்குள் வேறு வழி உண்டா?
– வாசகர், கரூர்

பதில்: உண்டு. அதில் பாதிச் செலவிலேயே முடித்துவிடலாம். கடைக்குப் போகும் முன், வெளியிலிருந்து பாட்டு நுழைவதற்கு உங்கள் ஸ்டீரியோவில் என்னென்ன வழிகள் உள்ளன என்று நீங்களே பார்த்துவிடுங்கள். ஆக்ஸ் துளை (வெளிக் கருவியின் ஒலி வயரைச் செருகும் துளை), யுஎஸ்பி துளை, கேசட் வாய், சிடி வாய், பின்பக்கத்தில் சிடி சேஞ்சருக்கான (பல சிடிகளை மாற்றிப் போடும் தனிப் பெட்டி) இணைப்பு, ரேடியோ ஏரியல் ஆகியவற்றில் ஒன்றாவது எந்தச் செட்டிலும் இருக்கும். ஆக்ஸ் இல்லாத செட்டுகளில் கேசட் வாய்க்குத்தான் நான் முதலிடம் தருவேன்; ரேடியோ அலை வழியாகப் பாட்டை அனுப்புவது, வேறு எதுவும் இல்லாதபோது செய்ய வேண்டியது. கடைகளிலோ இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. அப்படி ரேடியோ அலை வழியாக அனுப்பும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் பெட்ரோல் பங்க் கவுண்டரில்கூடத் தொங்குகிறது. கேசட் அடாப்டரைத் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைவீதிகளிலும் இணையக் கடைகளிலும் 300 முதல் 600 ரூபாய்க்குள் அது கிடைக்கும்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட்டின் அதே உருவமும் அளவும் கொண்டது இந்த அடாப்டர். ஆனால் உள்ளே நாடா இருக்காது. பிளேயரில் நாடாவைப் படிக்கும் பாகமான ஹெட்டை நாடா தொட்டுச் செல்லும் இடத்தில் சிறிய காந்த ஹெட் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும், அதிலிருந்து ஒரு வயர் வெளியே வந்து கைப்பேசியின் ஹெட்போன் துளையில் சேரும். கைப்பேசி தரும் மின் ஒலி அந்தச் சின்ன ஹெட்டில் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை உண்டாக்க, அதற்கு நேர் எதிரே இருக்கும் பிளேயரின் ஹெட், ஓடும் நாடாவிலிருந்து வருவதாகவே எண்ணி அதைப் படித்துவிடுகிறது. நாடாவே இல்லாததால் நாடாவுக்குரிய இரைச்சலும் வேகத்தின் ஏற்ற இறக்கமும் இதில் கிடையாது. ஆகவே நன்றாகப் பதிவான கேசட்டைவிடவும் பாட்டு தெளிவாகவே கேட்கும்.

முதலில் பிளேயரின் ஹெட்டைத் துடைத்துவிடுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்துத் துடைத்தால், பல ஆண்டுகளாகப் படிந்த நாடாத் துகள் பழுப்பு நிறத்தில் வெளியே வரும். இதைச் செய்யாமல் அடாப்டரைப் போட்டுப் பார்த்து, ஒலி மங்கலாக இருக்கிறது என்று கடையில் திருப்பிக் கொடுத்தவர்கள் பலர். ஸ்டீரியோவில் டால்பி பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள். கைப்பேசியிலிருந்து வரும் ஒலி டால்பி முறையில் பதிவானது அன்று என்பதால், அந்தப் பொத்தான் இரைச்சலைக் குறைப்பதற்குப் பதிலாகப் பாட்டின் மேல் சுருதிகளைத்தான் வெட்டும். கைப்பேசியின் ஒலியளவை முக்கால் பங்கில் நிறுத்திவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் ஸ்டீரியோவின் குமிழிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை முழு அளவில் வைத்தால் ஒலி கரகரக்கும். மிகக் குறைத்து வைத்தால் ஸ்டீரியோவின் உள் இரைச்சல் பாட்டோடு சேர்ந்து மேலே வரும்.

உங்கள் கைப்பேசியில் ஹெட்போன் துளை இல்லையென்றால் டைப்-சி மாற்றி ஒன்று தேவைப்படும். அதில் டிஜிட்டல் ஒலியை மாற்றும் டி.ஏ.சி. சிப் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். சிப் இல்லாத மலிவு மாற்றிகள் பல கைப்பேசிகளில் ஊமையாகவே இருக்கும். வயரே வேண்டாம் என்பவர்களுக்கு புளூடூத் உள்ள கேசட் அடாப்டரும் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் பேட்டரி இருப்பதால் சில மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்து சார்ஜ் போட வேண்டும். நெடும்பயணம் போகிறவர்களுக்கு வயர் உள்ளதையே நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: கேசட் அடாப்டர் வாங்கினேன். உள்ளே தள்ளியதும் பிளேயர் பக்கம் மாற்றி, மறுபடி பக்கம் மாற்றி, கடைசியில் வெளியே துப்பிவிடுகிறது. பழுது அடாப்டரிலா, பிளேயரிலா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: பெரும்பாலும் இரண்டிலும் பழுது இருக்காது, ஆட்டோ ரிவர்ஸ் பிளேயரின் குணம் அது. நாடா முடிந்துவிட்டதா என்பதை அறிய, கேசட்டின் இரு சக்கரங்களும் சுழல்கின்றனவா என்று பிளேயர் கவனித்துக்கொண்டே இருக்கிறது. சுழற்சி நின்றால் பக்கம் முடிந்துவிட்டது என்று கருதித் திசையை மாற்றும். அந்தப் பக்கமும் சுழலவில்லையென்றால் வெளியே தள்ளும். நாடா இல்லாத அடாப்டரில் இந்தச் சுழற்சியைக் காட்டுவதற்காகவே சிறிய பல்சக்கரங்கள் வைத்திருக்கிறார்கள். அவை இறுகியிருந்தாலோ, பல் உடைந்திருந்தாலோ நீங்கள் சொல்வதுபோல நடக்கும். அடாப்டரைக் கையில் வைத்து ஒரு பென்சிலால் ஒரு சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். மற்றதும் தடையின்றிச் சுற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால் திருகுகளைக் கழற்றிப் பல்சக்கரத்தின் அச்சில் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விடலாம். ஹெட்டின் மீது எண்ணெய் படக்கூடாது.

சக்கரங்கள் சரியாகச் சுற்றியும் துப்புகிறது என்றால், வீட்டில் உள்ள சாதாரணக் கேசட் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதையும் துப்பினால் பிளேயரின் ரப்பர் பெல்ட் தளர்ந்துவிட்டது என்று பொருள். பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த செட்டுகளில் இது சகஜம். பெல்ட் மலிவானது, கூலிதான் செலவு. பழைய டேப் ரெக்கார்டர் பழுது பார்ப்பவர் உங்கள் ஊரில் ஒருவராவது இருப்பார், அவரிடம் கொடுங்கள். கார் அலங்காரக் கடையில் கொடுத்தால் அவர்களும் புதுச் செட்டைத்தான் காட்டுவார்கள்.

இன்னொன்று: பாட்டு கேட்கிறது, ஆனால் எங்கோ தூரத்தில் ஒலிப்பதுபோல மெலிந்திருக்கிறது என்றால் பிளேயர் மறுதிசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. திசை மாற்றும் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் சரியாகிவிடும். வாங்கும்போது வயர் எந்த மூலையிலிருந்து வெளிவருகிறது என்பதையும் உங்கள் பிளேயரின் வாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கேசட்டை முழுவதுமாக உள்ளிழுத்து மூடிக்கொள்ளும் செட்டுகளில் வயர் நசுங்கிச் சில மாதங்களில் ஒரு பக்க ஒலி போய்விடும்.

கேள்வி: என் டொயோட்டா குவாலிஸில் இருக்கும் கேசட் பிளேயர் முற்றிலும் கெட்டுவிட்டது, ரேடியோ மட்டும் பாடுகிறது. எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வாங்கிப் போட்டேன். திண்டுக்கல்லிலிருந்து கோவை போவதற்குள் நாலைந்து முறை இரைச்சல் வந்து வேறு நிலையம் புகுந்துவிடுகிறது. நல்ல கம்பெனி டிரான்ஸ்மிட்டர் வாங்கினால் சரியாகுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கம்பெனியை மாற்றுவதைவிட அலைவரிசையை மாற்றுவதில் பலன் அதிகம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் இந்தக் கருவி, சில மீட்டர் தூரமே எட்டக்கூடிய ஒரு குட்டி வானொலி நிலையம்தான். ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் வந்தால், வலிமை கூடியதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அழுத்திவிடுவது எஃப்.எம். ரேடியோவின் இயல்பு. உங்கள் காருக்குள் இருக்கும் குட்டி நிலையமும், கொடைக்கானல் மலைமேலிருந்து தென் மாவட்டங்கள் பலவற்றுக்கும் கேட்கும் 100.5 மெகாஹெர்ட்ஸ் அகில இந்திய வானொலியும் மோதினால் யார் வெல்வார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே காலியான இடத்தைத் தேட வேண்டும். நம் மாநிலத்து நகரங்களில் தனியார் நிலையங்கள் 91.1இல் தொடங்கி, 92.7, 93.5, 98.3, 106.4 என்று பரவியிருக்கின்றன. அகில இந்திய வானொலியின் பண்பலைகளில் பல 100 முதல் 103 வரை உள்ளன. சமுதாய வானொலிகள் 90.4, 107.8 போன்ற இடங்களில் இருக்கின்றன. இவற்றைத் தவிர்த்துப் பார்த்தால் 87.5 முதல் 90 வரை உள்ள பகுதிதான் பெரும்பாலான ஊர்களில் அமைதியாக இருக்கிறது. வண்டியை நிறுத்தி, டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு, ரேடியோவை அந்தப் பகுதியில் மெதுவாக நகர்த்துங்கள். வெறும் ‘உஸ்’ என்ற இரைச்சல் மட்டும் கேட்கும் இடமாகவும், அதன் இரு பக்கமும் 0.2 மெகாஹெர்ட்ஸ் தூரத்துக்கு எந்தப் பேச்சும் கேட்காததாகவும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். திண்டுக்கல்லில் ஒன்று, கோவைக்கு ஒன்று என இரண்டு இடங்களைக் கண்டுபிடித்து ரேடியோவின் நினைவுப் பொத்தான்களில் பதித்துவிட்டால், வழியில் ஒரு முறை மாற்றினால் போதும். அந்த மாற்றத்தையும் வண்டியை ஓரம் கட்டிச் செய்யுங்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகச் சேர்ந்துவிட்டது.

அடுத்தது ஏரியல். பழைய வண்டிகளில் இழுத்து நீட்டும் கம்பி ஏரியல் வெளியே இருக்கும். அதை முழுவதும் உள்ளே தள்ளிவிடுங்கள். தூரத்து நிலையங்கள் மெலிந்துவிடும். காருக்குள்ளேயே இருக்கும் உங்கள் டிரான்ஸ்மிட்டர் அவ்வளவாக மெலியாது. செலவில்லாத இந்த ஒரு வேலை, ஆயிரம் ரூபாய் டிரான்ஸ்மிட்டர் செய்யாததைச் செய்துவிடுவதுண்டு.

இதற்கும் மசியவில்லையென்றால் வயர் வழியே செல்லும் எஃப்.எம். மாடுலேட்டரைத் தேடுங்கள். ஸ்டீரியோவின் பின்னால் ஏரியல் பிளக்கைக் கழற்றி நடுவில் இதைச் சேர்ப்பார்கள். பாட்டு கேட்கும்போது வெளி ஏரியலைத் துண்டித்துவிட்டுத் தன் சமிக்ஞையை மட்டும் நேராக ரேடியோவுக்குள் செலுத்தும் என்பதால் மற்ற நிலையங்கள் நுழைய வழியே இராது. ஒலியின் தரம் மட்டும் எப்படியும் எஃப்.எம். ரேடியோவின் தரம்தான், 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட சுருதிகள் இந்த முறையில் வராது. ஓடும் காரின் சத்தத்தில் அந்தக் குறை யாருக்கும் தெரியப்போவதில்லை.

கேள்வி: என்னிடம் ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழைய கார் உள்ளது. அதன் ரேடியோ 90 வரைதான் போகிறது. டிரான்ஸ்மிட்டர் வாங்கினால் வேலை செய்யுமா? உள்ளூர் நிலையங்கள் கேட்க எக்ஸ்பேண்டர் ஒன்று போட்டிருக்கிறேன்.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஜப்பானில் பண்பலை ஒலிபரப்பு நெடுங்காலமாக 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரையே இருந்தது, 90க்கு மேல் 95 வரை அங்கே பயன்பாட்டுக்கு வந்தது 2014இன் இறுதியில்தான். இலங்கையிலும் இந்தியாவிலும் நிலையங்கள் 108 வரை இருப்பதால், ஜப்பானிலிருந்து வரும் வண்டிகளின் ரேடியோ பாதி நிலையங்களுக்கு மேல் கேட்காத செவிடாக இருக்கிறது. டிரான்ஸ்மிட்டர்கள் 87.5இல் தொடங்குபவை. எக்ஸ்பேண்டர் இல்லாத வண்டியில் 87.5க்கும் 90க்கும் இடைப்பட்ட பகுதியில் வைத்தால் நேராகவே வேலை செய்யும்.

உங்களுக்கு எக்ஸ்பேண்டர் இருப்பதால் ஒரு சிறு கணக்கு போட வேண்டும். ஏரியலில் வரும் எல்லா அலைவரிசைகளையும் ஒரு குறிப்பிட்ட அளவு கீழே இறக்கி ரேடியோவுக்குக் கொடுப்பதே அதன் வேலை. எத்தனை மெகாஹெர்ட்ஸ் இறக்குகிறது என்பது அதன் மீதே பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த அளவு 18 என்று வைத்துக்கொள்வோம்: டிரான்ஸ்மிட்டரை 106.1இல் வைத்தால் ரேடியோவில் 88.1இல் பாட்டு கேட்கும். இந்தக் கணக்கு தெரியாமல் இரண்டிலும் 88.1 என்றே வைத்துவிட்டு, கருவி பழுது என்று முடிவுகட்டுபவர்கள் அதிகம். உங்கள் வண்டியிலும் கேசட் பிளேயர் உயிரோடு இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் வேண்டாம், முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: கைப்பேசியைச் சார்ஜ் போட்டபடியே அடாப்டர் வழியாகப் பாட்டு கேட்டால் ‘ங்ங்ஙீ’ என்று ஒரு ரீங்காரம் வருகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் சேர்ந்து உயர்கிறது.
– வாசகர், வேலூர்

பதில்: எஞ்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கினால் அது ஆல்டர்னேட்டரிலிருந்து (எஞ்ஜினோடு சுழன்று பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) வரும் ஒலி. சார்ஜரின் எர்த் ஓரிடத்திலும், ஸ்டீரியோவின் எர்த் வேறோரிடத்திலும் வண்டியின் பாடியைத் தொடுகின்றன. இரண்டுக்கும் இடையே உள்ள மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடு ஒலி வயர் வழியாகச் சுற்றி வந்து ஸ்பீக்கரில் ரீங்காரமாகக் கேட்கிறது. சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ரீங்காரம் உடனே நின்றால் காரணம் உறுதி. கைப்பேசிக்கும் அடாப்டருக்கும் நடுவே ‘கிரவுண்டு லூப் ஐசோலேட்டர்’ என்ற விரல் நீளக் குப்பி ஒன்றைச் சேர்த்தால் போதும். அதற்குள் இருக்கும் இரண்டு சிறு டிரான்ஸ்பார்மர்கள் ஒலியை மட்டும் கடத்தி எர்த் தொடர்பைத் துண்டித்துவிடும். 200 ரூபாய் அளவில் கிடைக்கிறது. வீட்டிலேயே சார்ஜ் போட்டுவிட்டுக் கிளம்புவதற்கு அதுவும் செலவில்லை.

சார்ஜரைப் பிடுங்கியபின்னும் ரீங்காரம் தொடர்ந்தால் ஸ்டீரியோவின் எர்த் வயரே தளர்ந்தோ துருப்பிடித்தோ இருக்கிறது. அதை ஆட்டோ எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் காரில் சிடி பிளேயர் மட்டும்தான். என்ன செய்வது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: அதன் முகப்பில் எம்பி3 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு சாதாரண 700 எம்பி சிடியில் ஏறத்தாழ 150 பாடல்கள் அடங்கும். நாலு சிடி எழுதி வைத்தால் கன்னியாகுமரியிலிருந்து சென்னை வரை திரும்பத் திரும்பக் கேட்காமல் போகலாம். எம்பி3 இல்லாத செட்டாக இருந்தால் ஆடியோ சிடியாக எழுத வேண்டும். அதில் 80 நிமிடம்தான் கொள்ளும். எதுவானாலும் சிடி-ஆர் வாங்குங்கள். அழித்து எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூ ஒளியை மிகக் குறைவாகப் பிரதிபலிப்பதால் பழைய பிளேயர்கள் அதைப் படிக்கத் திணறும். எழுதி முடித்ததும், மற்ற பிளேயர்களும் படிக்கும்படி சிடியை மூடி முடிக்கும் ‘பைனலைஸ்’ செய்ய மறக்கக்கூடாது.

கேள்வி: டிரான்ஸ்மிட்டரில் பென் டிரைவ் போட்டால் பாடல்கள் நான் வைத்த வரிசையில் வருவதில்லை. ஏன்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இவ்வகைக் கருவிகளில் பல, கோப்புகளைப் பெயர் வரிசையில் படிப்பதில்லை, எந்த வரிசையில் பென் டிரைவில் எழுதப்பட்டனவோ அந்த வரிசையில் படிக்கின்றன. பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து, பாடல்களுக்கு 01, 02 என்று எண்ணிட்டு, அந்த ஒழுங்கிலேயே ஒவ்வொன்றாக நகலெடுங்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட பென் டிரைவ் இவற்றுக்கு வேண்டாம்.

கேள்வி: காருக்கு வாங்கிய டிரான்ஸ்மிட்டரை லாரியில் போடலாமா? லாரியில் ஸ்டீரியோவுக்கு ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் கரண்ட் எடுத்திருக்கிறோம். அந்த பேட்டரி அடிக்கடி இறங்கிவிடுகிறது.
– வாசகர், சங்ககிரி

பதில்: கனரக லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். டிரான்ஸ்மிட்டரின் மீது ‘12–24 வோல்ட்’ என்று அச்சிட்டிருந்தால் தாராளமாகப் போடலாம். ‘12 வோல்ட்’ என்று மட்டும் இருந்தால் செருகிய கணமே புகைந்துவிடக்கூடும்.

இரண்டாவதாகச் சொன்னதுதான் முக்கியம். ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஸ்டீரியோவுக்கு எடுக்கும்போது அந்த பேட்டரி இறங்குகிறது, மற்றது நிறைந்தே இருக்கிறது. ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்தே சார்ஜ் செய்வதால் இறங்கியது ஒருபோதும் நிறைவதில்லை, நிறைந்தது மேலும் மேலும் சார்ஜாகிக் கொதிக்கிறது. கடைசியில் இரண்டுமே ஆயுள் முடியும் முன் போய்விடும். 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றைப் பொருத்தி, இரண்டு பேட்டரிகளிலும் சேர்த்தே எடுங்கள். 10 ஆம்பியர் கன்வெர்ட்டர் சாதாரண ஸ்டீரியோவுக்குப் போதும். உள்ளே வரும் வயரில், பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ் இருக்கட்டும்.

கேள்வி: பாலிடெக்னிக்கில் படிக்கிறேன், சால்டரிங் தெரியும். அப்பாவின் காரில் உள்ள பழைய செட்டில் நானே ஆக்ஸ் துளை வைக்க முடியுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: முடியும், செலவும் 50 ரூபாயைத் தாண்டாது. ஆனால் முதலில் ஒலியளவுக் குமிழைத் திருகிப் பாருங்கள். இரு முனையிலும் முட்டி நிற்கும் குமிழ் என்றால் அது பொட்டென்ஷியோமீட்டர். உங்களுக்கு வேலை எளிது. முடிவின்றிச் சுற்றிக்கொண்டே போகும் குமிழ் என்றாலோ, பொத்தான்கள் என்றாலோ ஒலியளவு ஒரு ஐசிக்குள் நடக்கிறது. அந்த ஐசியின் எண்ணை வைத்து டேட்டாஷீட்டைப் பார்த்து உள்ளீட்டுக் கால்களைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பொட்டென்ஷியோமீட்டரில் ஒவ்வொரு பக்க ஒலிக்கும் மூன்று கால்கள்: ஒன்று எர்த், ஒன்று உள்ளே வரும் ஒலி, நடுக்கால் வெளியே போகும் ஒலி. சுவிட்சு உள்ள 3.5 மிமீ துளையை வாங்கி, உள்ளே வரும் ஒலி வயரை வெட்டி அந்தச் சுவிட்சு வழியாகவே திரும்பக் கொண்டு வாருங்கள். பின்னைச் செருகினால் செட்டின் சொந்த ஒலி துண்டிக்கப்பட்டுக் கைப்பேசி ஒலி போகும். பின்னை எடுத்தால் ரேடியோவும் கேசட்டும் பழையபடி பாடும். இப்படிச் செய்தால் ரேடியோ எந்த நிலையத்தில் இருந்தாலும் ஆக்ஸ் வேலை செய்யும். பாட்டு பதியாத வெற்றுக் கேசட்டை உள்ளே சுழலவிட்டுக்கொண்டிருக்க வேண்டிய தேவையும் இல்லை. வெட்டும் முன் மீட்டரில் அந்தக் காலில் டிசி வோல்ட்டேஜ் உள்ளதா என்று அளந்துவிடுங்கள். இருந்தால் இரு பக்கத்துக்கும் தலா ஒரு 10 மைக்ரோஃபாரட் கபாசிட்டரைத் தொடராகச் சேர்க்காமல் கைப்பேசியை இணைக்கக் கூடாது. வயர் ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும். சாதாரண வயர் போட்டால் அதுவே ஏரியலாகி எஞ்ஜின் சத்தத்தையெல்லாம் பிடித்து வரும். முதலில் அப்பாவிடம் அனுமதி கேளுங்கள்.

கேள்வி: எங்கள் 1996ஆம் ஆண்டு மாருதி 800இல் பழைய செட் எரிந்துபோய்விட்டது. யுஎஸ்பி, புளூடூத் உள்ள செட் ஆயிரம் ரூபாய் சொல்கிறார்கள், ‘50 வாட் × 4’ என்று போட்டிருக்கிறது. நானே மாட்டலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: செட்டே போய்விட்ட பிறகு புதிதாக வாங்குவதில் தவறில்லை. பழைய செட்டின் வாய் 180 மிமீ அகலமும் 50 மிமீ உயரமும் இருந்தால் அது சிங்கிள் டின் அளவு. இன்று விற்கும் சிறு செட்டுகள் அதில் நேராகப் பொருந்தும். வாட் கணக்கை நம்ப வேண்டாம். தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாமல், 14.4 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு செட் சிதைவில்லாமல் தரக்கூடிய உச்ச அளவே கணக்குப்படி 26 வாட்டுக்குக் கீழேதான் வரும். நடைமுறையில் அதிலும் குறைவு. மாருதி 800க்கு அது தாராளம்.

மாட்டுவதில் ஓர் ஆபத்து உண்டு. சில பழைய வண்டிகளில் ஸ்பீக்கரின் ஒரு முனையை வண்டியின் பாடியிலேயே எர்த் செய்திருப்பார்கள். அல்லது இரண்டு ஸ்பீக்கர்களின் நெகடிவ் வயர்களை ஒன்றாக முறுக்கி விட்டிருப்பார்கள். புதிய செட்டுகளின் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு ஸ்பீக்கரின் இரு முனைகளும் உயிருள்ளவை. ஒன்றைப் பாடியில் தொடவிட்டால் முதல் பாட்டு முடிவதற்குள் ஐசி எரிந்துவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக இரண்டு வயர் புதிதாக இழுத்துவிடுங்கள். பவர் வயர்களில் மஞ்சள் நேராக பேட்டரிக்கு, சிவப்பு சாவி திறந்தால் வரும் கரண்டுக்கு, கறுப்பு எர்த்துக்கு என்பதே பொதுவான வழக்கம். மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்துக் கட்டிவிட்டால் வண்டியை அணைத்தாலும் செட் அணையாது, பேட்டரிதான் இறங்கும்; இடம் மாற்றிக் கட்டினால் ஒவ்வொரு முறையும் நேரமும் நிலையங்களும் மறந்துபோகும்.

பழைய ஹோண்டா, ஃபோர்டு போன்ற வண்டிகளில் கம்பெனி செட் இன்னும் வேலை செய்யும் வாசகர்களுக்கும் இங்கே ஒரு குறிப்பு. அவற்றில் பல, பேட்டரி வயரைக் கழற்றினால் திருட்டுத் தடுப்புக்கான ரகசிய எண்ணைக் கேட்கும். சரியான எண் தராதவரை பாடாது. அந்த எண், வண்டியோடு வந்த கையேட்டில் ஒட்டப்பட்ட அட்டையிலோ குளவ் பாக்ஸுக்குள் உள்ள ஸ்டிக்கரிலோ இருக்கும். எண்ணைக் கண்டுபிடித்துக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே எந்த வயரையும் தொடுங்கள்.